மிச்சம் எச்சில் அன்று

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)

இந்த மேடையிலே ஆண்டுதோறும் சமய அறிஞர்கள் பலர் பேசியிருக்கின்றனர். பல்கலைக்கழகத்தில் இன்னும் பட்டம் பெறாத எமக்கு, அவர்கள் நின்ற இடத்தில் நின்று தத்துவம் பேசும் தகுதி இல்லை. ஆகவே யாம் சோற்றைப் பற்றிப் பேச எண்ணுகின்றோம்; அதிலும் மிஞ்சிய சோற்றைப் பற்றிப் பேச எண்ணுகின்றோம். விழா முடிந்ததும் பின்புறத்தில் அன்னதானம் நடைபெற இருக்கின்றது. குழம்பு தாளிக்கும் மணம் இப்பொழுதே மண்டபத்துள் வந்துவிட்டது. எனவே சபையோரின் மனத்தை இப்பொருளின்பால் திருப்புவதற்கு யாம் பெரிதும் பாடுபட வேண்டியதில்லை.

நயினாதீவை நாம் எல்லோரும் அறிவோம். மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இத்தீவே என்று கொள்வோர் பலர். அமுதசுரபி என்றவுடன் மணிமேகலைதான் நம் நினைவுக்கு வருகின்றாள். ஆனால், அவளுக்கு முன்னே அப்பாத்திரத்தை ஏந்தியவன் ஆபுத்திரன். மதுரையிலே பசித்து வந்தோர்க்கெல்லாம் அவன் அதனால் உணவளித்தான். பின்னர் நாட்டில் மழை பெய்து வளம் பெருகியது; அவனை நாடி உண்பார் எவரும் வரவில்லை. சாவக நாட்டிலே மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்று கேள்வியுற்றான், கப்பல் ஏறினான். வழியிலே மணிபல்லவத்தில் இறங்கினான். அவன் இறங்கியதை அறியாமல் இரவோடிரவாகக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவு; கையிலே வற்றாத பாத்திரம். ஊர்ப் பசியைத் தீர்க்க வந்த பாத்திரத்தைக் கொண்டு தன் ஒரு வயிற்றை மாத்திரம் வளர்க்க அவன் மனம் ஒருப்படவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையிலே விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

அன்பர்களே! அந்தக் கதையிலே உணவுக்குக் குறைவில்லை. பசித்தவர்களுக்கும் குறைவில்லை, அவர்கள் சாவகத்திலே இருந்தார்கள். இடையிலே இல்லாமற் போனது கப்பல் ஒன்றே. இன்றைய உலகத்தின் கதையும் இதுதான் என்பதே எமது பேச்சின் சாரம்.

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 2022 ஆம் ஆண்டிலே உலகில் வீணாக்கப்பட்ட உணவு ஏறக்குறைய 105 கோடி தொன். கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வீடுகளுக்கும் வந்து சேர்ந்த உணவிலே ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு அது. வயலுக்கும் கடைக்கும் இடையில் அழிந்து போவது இதிற் சேராது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த 105 கோடி தொன்னில் 60 வீதம் வீடுகளிலேயே வீணாகின்றது. குற்றவாளியைத் தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் வீட்டுக் குசினிக் கதவைத் திறந்தாலே போதும். மறுபுறத்திலே, 2024 ஆம் ஆண்டில் 67 கோடிக்கு மேற்பட்ட மக்கள் பட்டினியோடு வாழ்ந்தனர் என்று ஐக்கிய நாடுகளின் நிறுவனங்களே கணித்துள்ளன. ஒரு கையிலே அமுதசுரபி, மறு கையிலே சாவகம். நடுவிலே கப்பல் இல்லை.

இது அந்நிய நாட்டுச் செய்தியன்று. 2022 ஆம் ஆண்டை இச்சபையில் மறந்தவர் எவரும் இருக்க முடியாது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் விடிய விடிய வரிசையில் நின்றோம். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில், முன்னைய ஆண்டோடு ஒப்பிடுகையில், கொழும்பிலே உணவு விலை 94.9 வீதம் உயர்ந்திருந்தது. இலங்கையில் ஏறக்குறைய 63 இலட்சம் பேர் போதிய உணவின்றி இருப்பதாக அவ்வாண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து அறிவித்தன. அந்த நாள்களிலும் நம் ஊர்களிற் கலியாணங்கள் நடந்தன. பந்திகள் நடந்தன. பந்தி முடிந்தபின் கிடாரங்களைக் கவிழ்த்துக் கிடங்கிற் கொட்டியதும் நடந்தது.

பசி என்பது நமக்குப் புத்தகத்திற் படித்த விடயமன்று. ஆண்டுதோறும் மே மாதத்திலே முள்ளிவாய்க்காற் கஞ்சி காய்ச்சிக் குடிக்கின்றோம். அரிசி, நீர், உப்பு, அவ்வளவே. 2009 ஆம் ஆண்டின் இறுதி நாள்களில் அந்தக் கஞ்சிக்காகப் பாத்திரம் ஏந்தி நின்றவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றார்கள். மே மாதத்திற் கஞ்சியைக் கண்ணீரோடு குடித்துவிட்டு, ஆனி மாத முகூர்த்தத்திலே கிடாரம் கிடாரமாகச் சோற்றைக் கொட்டுவோமாயின், நாம் நினைவு கூர்ந்தது எதனை?

சோறு கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 1867 ஆம் ஆண்டில் இராமலிங்க அடிகள் வடலூரிலே சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகின்றது. 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். ஆனால், இவர்கள் செய்தது உணவைச் சமைத்துக் கொடுத்தல். சமைத்தபின் மிஞ்சுவதைக் காப்பாற்றிக் கொடுத்தல் வேறொரு கலை. அதற்கென ஒழுங்கான நிறுவனம் அமைந்தது அண்மைக் காலத்திலேதான்.

1967 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரிலே, ஜோன் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்கு உணவளிக்கும் கூடமொன்றில் தொண்டு செய்து வந்தார். கடைகள் வெளியே எறியும் உணவிலிருந்து தன் பிள்ளைகளுக்கு உண்ணத் தக்கதைப் பொறுக்கி எடுத்து வளர்த்த தாயொருத்தியை அவர் சந்தித்தார். பணத்தை வங்கியில் இட்டு எடுப்பதுபோல உணவை இட்டு எடுக்கவும் ஓரிடம் இருந்தால் நலமன்றோ என்ற எண்ணத்தை அவருக்கு ஊட்டியவள் அவளே என்பர். அப்படிப் பிறந்ததுதான் உலகின் முதலாவது உணவு வங்கி. பிரான்ஸ் நாடு 2016 ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் செய்தது. 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பெரிய உணவுக் கடைகள் விற்காது மிஞ்சும் நல்ல உணவை வேண்டுமென்றே பழுதாக்கலாகாது. தொண்டு நிறுவனங்களோடு உடன்படிக்கை செய்து கொடுத்துதவ வேண்டும். இவற்றையெல்லாம் படித்துவிட்டு எமக்கும் உற்சாகம் பிறந்தது. ஏன், நாமும் செய்தால் என்ன என்று கிளம்பினோம்.

இப்பொழுது எமது தோல்வியைச் சொல்லப் போகின்றோம். ஆண்டு மலரிலே வெற்றிகளை மட்டும் எழுதுவது வழக்கம். ஆனால், அத்தோல்வி கற்பித்த அளவுக்கு எந்த விரிவுரையும் எமக்குக் கற்பிக்கவில்லை.

ஒரு முகூர்த்த நாள். 600 பேருக்குச் சமைத்த கலியாணத்துக்கு, பெய்த மழையினால் 400 பேர் வந்தனர். பிற்பகல் 3 மணிக்கு வீட்டுக்காரர் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். யாம் பாத்திரங்கள் தேடி, வாகனம் தேடி, மண்டபத்தை அடைந்தபோது 6 மணி. முதியோர் இல்லமொன்றின் வாசலில் இறங்கியபோது இரவு 8 மணி. அங்கே எல்லோரும் உண்டு முடித்துவிட்டனர். இல்லத்துப் பொறுப்பாளர் அம்மையார் மூடியைத் திறந்து, ஒரு பிடி சோற்றைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். பின்னர் எம்மை நோக்கிச் சொன்னார்:

"தம்பியவை, இது காலமை வடிச்ச சோறு. இப்ப எட்டு மணி. உங்கட வீட்டில இந்த நேரம் இதை உங்களுக்குப் போட்டுத் தருவினமே?"

எமக்குப் பேச நா எழவில்லை. அம்மையார் கோபித்துப் பேசவில்லை. அதுவே எம்மை அதிகமாகச் சுட்டது. அப்பொழுது உள்ளே கட்டிலில் இருந்த மூதாட்டி ஒருவர் கேட்டார்:

"ஆற்றை வீட்டுக் கலியாணம் மோனை? முன்னமே சொல்லியிருந்தால் நாங்களும் நல்ல சீலை ஒண்டு உடுத்துக்கொண்டு இருந்திருப்பமே."

அன்றிரவு அந்தச் சோற்றை வளவிலே கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுத் திரும்பினோம். வழிநெடுக எவரும் பேசவில்லை.

அந்த அம்மையார் முகர்ந்து அறிந்ததன் காரணத்தைப் பின்னர் படித்து அறிந்தோம். அரிசியிலே பசில்லஸ் சீரியஸ் என்னும் பற்றீரியா வித்து வடிவிலே தங்கியிருப்பதுண்டு. சோறு கொதிக்கும்போதும் அவ்வித்துக்கள் எல்லாம் அழிவதில்லை. சோறு ஆறி வெதுவெதுப்பாக இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. "திரும்பக் கொதிக்க வைத்தால் சரி" என்று நாம் எண்ணுவது பிழை. சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்கு மேலே சூடாக இருக்க வேண்டும்; அல்லது 5 பாகைக்குக் கீழே குளிராக இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்திலே 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தேங்காய்ப்பால் விட்ட கறிகள் நமது வெப்பத்திலே எவ்வளவு விரைவிற் பழுதாகும் என்பதைத் தாய்மார்களுக்கு யாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, மிஞ்சிய உணவைக் காப்பாற்றும் தொண்டிலே முதல் எதிரி உலோபியல்லன், கடிகாரம்.

அம்மையாரின் கேள்விக்கு விடை அறிவியலிற் கிடைத்தது. மூதாட்டியின் கேள்விக்கு விடை காண்பது அவ்வளவு எளிதாக இல்லை. "முன்னமே சொல்லியிருந்தால்" என்ற அந்தச் சொல் எம்மை விடவில்லை.

பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். மறைக்காமல் ஒன்று சொல்கின்றோம். ஒரு காலத்திலே நம் ஊர்க் கலியாண வீடுகளிற் சிலரைச் சாதியின் பெயரால் படலைக்கு வெளியே காத்திருக்க வைத்தோம். பந்தியெல்லாம் முடிந்தபின், மிஞ்சியதை அவர்கள் கொண்டுவந்த பாத்திரங்களில் இட்டோம். அதனைத் தருமம் என்றும் சொல்லிக் கொண்டோம். உணவு வீணாகவில்லை என்பது உண்மை. ஆனால், அங்கே ஒரு மனிதனின் மானம் வீணாயிற்று. இன்று புதிய பெயரோடு நாம் செய்யும் தொண்டு அந்தப் பழைய படலை வாசலிலே மீண்டும் போய் நிற்குமாயின், அதனைச் செய்யாதிருப்பதே மேல். பசித்தவன் நம் குப்பையைக் குறைப்பதற்கு வாய்த்த கருவியல்லன்.

மிச்சம் வேறு, எச்சில் வேறு. இலையிலே இட்டபின் எஞ்சுவது எச்சில். அது மாட்டுக்கும் எருக்குழிக்கும் உரியது. கிடாரத்திலே கை படாது இருப்பது மிச்சம். அது நாம் உண்ட அதே உணவு. இந்த வேறுபாடு உணவிலே மட்டும் இருந்தாற் போதாது. கொடுக்கும் முறையிலும் இருக்க வேண்டும். கடைசியிலே, ஆறியபின், இருட்டியபின், பெயர் சொல்லாமற் கொடுத்தால், கிடாரத்துச் சோறும் எச்சிலாகிவிடுகின்றது.

இளையான்குடி மாறநாயனார் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். மழை பெய்யும் நள்ளிரவிலே அடியார் ஒருவர் வருகின்றார். வீட்டிலே ஒரு மணி அரிசி இல்லை. அன்று விதைத்த முளைநெல்லை வாரிக் கொண்டுவந்து, கூரைக் கழியை விறகாக்கி, அமுது சமைக்கின்றனர் கணவனும் மனைவியும். தமக்கு மிஞ்சியதை அவர் கொடுக்கவில்லை. தம்மிடம் இருந்தவற்றில் முதன்மையானதைக் கொடுத்தார்.

யாம் படித்தது மிஷன் பாடசாலையில். அங்கே காலைப் பிரார்த்தனையிலே பலமுறை கேட்ட கதையொன்று உண்டு. ஐந்து அப்பங்களும் இரண்டு மீன்களும் ஐயாயிரம் பேருக்கு உணவாயின. எல்லோரும் உண்டபின் எஞ்சிய துண்டுகள் ஒன்றும் வீணாகாதபடி சேர்க்குமாறு இயேசுநாதர் தம் சீடரைப் பணித்தார். 12 கூடைகள் நிறைந்தன. சிறுவயதில் அற்புதத்தை மட்டுமே கவனித்தோம். இப்போது கூடைகளைக் கவனிக்கின்றோம். அற்புதம் செய்ய வல்லவருக்கே மிச்சத்தைப் பற்றிய கவலை இருந்தது. அதனைப் பொறுக்கும் வேலையைப் பசித்து வந்தவர்களிடம் விடாது, தமக்கு நெருங்கிய சீடர்களிடமே அவர் ஒப்படைத்தார். தைத்திரீய உபநிடதம் அன்னத்தை இகழாதிருத்தலை ஒரு விரதமாகவே விதிக்கின்றது. எந்தச் சமயத்து வாசலால் நுழைந்தாலும் இந்த அறத்திலே வந்து சேர்கின்றோம்.

அடுத்த முறை யாம் வேறு விதமாகச் செய்தோம். முகூர்த்தத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னரே பெண் வீட்டாரிடம் போனோம். "எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள்? எத்தனை பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேட்டோம். இரண்டு எண்ணுக்கும் இடையிலே 80 பேருக்கான சோறு நின்றது. எல்லோரும் குறைந்து போய்விடக் கூடாதே என்ற அச்சத்தினாலே கூட்டிச் சமைக்கின்றார்கள். அது பெருமையினால் மட்டும் வருவதன்று. அதிலே 30 பேருக்கானதைச் சமையற்காரரோடு பேசிக் குறைத்துக் கொண்டோம். மீதி 50 பேருக்கான உணவை, முதற் பந்திக்கு முன்னர், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு, மூடியுள்ள பாத்திரங்களில் எடுத்தோம். வடை, பாயாசம், வாழைப்பழம் எல்லாம் உடன் சென்றன. நண்பகலுக்கு முன்னர் அதே முதியோர் இல்லத்தில் இருந்தோம். முதல்நாளே சொல்லியிருந்தோம். அந்த மூதாட்டி நல்ல சீலை உடுத்து, திருநீறு பூசிக் காத்திருந்தார். மணமக்களின் பெயரைக் கேட்டார். இருந்த இடத்திலிருந்தே வாழ்த்தினார். யாமும் அவர்களோடு அமர்ந்து உண்டோம். அன்றிரவு மணமகளின் தந்தையார் எம்மை அழைத்துக் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ஆச்சியவை வடிவாய்ச் சாப்பிட்டவையோ?"

அன்பர்களே! அது மிச்சமா? மிச்சமாகப் போவதை, மிச்சமாவதற்கு முன்னர் எடுத்தோம். நேற்றுவரை குப்பையாக இருந்தது, சில மணி நேரம் முந்தியதனால் விருந்தாயிற்று. கப்பல் புறப்படும் நேரத்தை மாற்றினோம், அவ்வளவுதான்.

இதிலிருந்து யாம் எமக்கென வகுத்துக் கொண்ட ஒழுங்குகள் ஐந்து. முதலாவது, மிஞ்சாமற் சமைக்க உதவுதல். மிஞ்சியதைக் காப்பதினும் இதுவே பெரிது. இரண்டாவது, இலைக்குப் போகாத உணவை மாத்திரம் எடுத்தல். மூன்றாவது, அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்தைப் பாத்திரத்தின்மேல் எழுதுதல். 2 மணி நேரத்துக்குள் உண்பாரிடம் சேராது என்று தோன்றினால் எடுக்காதிருத்தல். நான்காவது, யாம் முதலில் உண்ணாத உணவைப் பிறருக்குக் கொடாதிருத்தல். ஐந்தாவது, எவர் வீட்டு உணவு என்று சொல்லிக் கொடுத்தல். கொடுக்கும்போது படம் எடாதிருத்தல். ஐந்தாவதைப் பற்றி எம்முள்ளே வாதம் நடந்தது. படம் போட்டால் இன்னும் பலர் உதவ வருவர் என்றனர் சிலர். அது உண்மையாக இருக்கலாம். ஆனால், தன் பசியைப் பக்கத்து வீட்டுக்கும் தெரியாமல் மறைத்து வாழும் குடும்பங்கள் நம் ஊரில் எத்தனையோ உள்ளன. அவர்கள் படத்தில் நிற்கமாட்டார்கள். படம் எடுக்கும் இடத்துக்கு வரவும்மாட்டார்கள். எவருக்கு முதலிற் போக வேண்டுமோ அவரை விரட்டிவிட்டு எவரைச் சேர்த்து என்ன பயன்?

இத்தொண்டு வறுமையைத் தீர்க்கும் மருந்து என்று யாம் சொல்லவில்லை. கலியாணம் இல்லாத நாளிலும் வயிறு பசிக்கும். வேலையும் கூலியும் விளைச்சலும் விலையும் சீர்ப்படாமற் பசி ஒழியாது. அதற்காகக் குரல் கொடுக்கும் கடமையை ஒரு வாளி சாம்பாரைக் கொடுத்துவிட்டு நாம் கழித்துக் கொள்ளலாகாது. ஆயினும், கொட்டுவது குற்றம் என்பதை அறிந்தபின் கொட்டிக் கொண்டிருக்கவும் இயலாது. நம் நாட்டுக் குப்பையிலே பாதிக்கு மேற்பட்டது உக்கக் கூடிய கழிவு; அதிலே சமையலறைக் கழிவு பெரும் பங்கு. 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளிலே, கொழும்புக்கு அருகே மீத்தொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து, 30க்கும் மேற்பட்ட உயிர்களைப் புதைத்தது. பால் பொங்க வேண்டிய நாளிலே அவ்வீடுகளிற் பிணம் விழுந்தது. கண்ணுக்கு மறைவாக எறிந்தது எங்கோ ஒருவருடைய வீட்டுக்கு மேலேதான் குவிகின்றது.

தாய்மார்களே! உங்கள் தாய்மார் இரவு மிஞ்சிய சோற்றுக்கு நீரூற்றி வைத்துக் காலையிலே பழங்கஞ்சியாக்கினார்கள். மிஞ்சிய மோரை மோர்மிளகாய்க்கு வைத்தார்கள். அவர்கள் வீட்டிலே குப்பை வாளி சிறிதாக இருந்தது. அந்தச் சிக்கனத்தை நாம் வறுமையின் அடையாளமாக எண்ணி விட்டுவிட்டோம். அது அறிவின் அடையாளம்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். இன்னும் சிறிது நேரத்தில் நாம் எல்லோரும் பந்தியில் அமர்வோம். இன்றைய அன்னதானத்திலே 40 பேருக்கான உணவு, உங்களுக்குப் பரிமாறுவதற்கு முன்னரே, இவ்விழா தொடங்கிச் சிறிது நேரத்தில், வெளியே சென்றுவிட்டது. யாருக்கு என்று யாம் சொல்லமாட்டோம். அதனாற் கடைசிப் பந்தியிலே ஒரு கறி குறைந்தாலும் குறையலாம். குறைந்தால் சமையற்காரரை நோகாதீர்கள், எம்மை நோகுங்கள். இலையிலே வேண்டிய அளவு மட்டும் இடச் சொல்லுங்கள்; இட்டதை முற்ற உண்ணுங்கள்.

ஆபுத்திரனுடைய பாத்திரம் கோமுகியில் மூழ்கியது, அது வற்றியதனால் அன்று. கரையிலே கப்பல் நிற்கவில்லை, அதனாலேதான். நம் ஊரிலே சோறு இருக்கின்றது, பசியும் இருக்கின்றது. கப்பலாக இருப்பதற்கு இளைஞர்களாகிய நாம் இருக்கின்றோம்.